காவலூர்க் கண்ணாடி: ஒரு நிறுவனத்தின் அறிவு எங்கே இருக்கிறது?

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் போய், அங்கிருந்து ஜவ்வாது மலைப் பாதையில் ஏறினால் காவலூர் வரும். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர். சந்தனத்துக்கும் சாமைக்கும் பேர் போன இந்த மலையில், ஒரு பெரிய குவிமாடத்துக்குள் 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி ஒன்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வைணு பாப்பு தொலைநோக்கி.

இந்தத் தொலைநோக்கியைப் பற்றி ரெண்டு தேதிகளைக் குறித்து வைத்திருந்தேன். 1982 ஆகஸ்ட் 19: அதைக் கனவு கண்டு, திட்டமிட்டு, வேலையை நடத்திக்கொண்டிருந்த வைணு பாப்பு மியூனிக் நகரில் காலமானார். 1986 ஜனவரி 6: பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து, முடிக்கப்பட்ட தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் பாப்புவின் பெயரைச் சூட்டினார். நடுவில் மூன்று ஆண்டுகளுக்கு மேல். தலைவர் இல்லை, ஆனா வேலை நிற்கவில்லை.

இது அவ்வளவு சாதாரண விஷயம் இல்லை. நம்ம ஊர் அலுவலகங்களில் அடிக்கடி கேட்கிற வசனம் ஒன்று உண்டு: "அது அவருக்குத்தாங்க தெரியும், அவர் ரிட்டயர் ஆயிட்டாரு." ஒருத்தர் கிளம்பிப் போனதும் ஒரு பிரிவே தடுமாறும். கோப்புகள் எல்லாம் அலமாரியில் அப்படியே இருக்கும். ஆனா அதை வச்சு என்ன செய்யணும்னு தெரிஞ்ச ஆள் இருக்க மாட்டார். அப்படின்னா நிறுவனத்தோட அறிவு எங்கேதான் இருக்கு? கோப்பிலா, ஆளிடமா, ரெண்டுக்கும் நடுவிலா? 'அறிவு மேலாண்மை' என்று இன்றைக்கு மேலாண்மைப் படிப்பில் சொல்லித் தரும் துறையின் அடியில் கிடப்பது இந்தக் கேள்விதான். காவலூருக்கு முன்னால் இருக்கிற இருநூறு ஆண்டு வரலாற்றை வைத்து இதை யோசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

சரக்கா, பழக்கமா?

முதலில் கொஞ்சம் தத்துவம். அறிவை ஒரு சரக்காகப் பார்ப்பது ஒரு வழி. எழுதி, அட்டவணை போட்டு, கிடங்கில் வைத்தால் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம். 1990-களில் கணினி மென்பொருள் விற்ற பலரும் அறிவு மேலாண்மை என்ற பெயரில் விற்றது பெரும்பாலும் இந்தக் கிடங்கைத்தான்.

இதற்கு எதிரான சிந்தனை அதற்கு முன்பே வந்துவிட்டது. 'இன்னது என்று அறிவதும்' 'எப்படிச் செய்வது என்று அறிவதும்' வேறு வேறு என்று கில்பர்ட் ரைல் 1940-களில் வாதிட்டார். நமக்குத் தெரிந்ததெல்லாம் நம்மால் சொல்ல முடிந்ததைவிட அதிகம் என்பதை மையமாக வைத்து மைக்கேல் போலானி 1958-லும் 1966-லும் புத்தகங்கள் எழுதினார். சைக்கிள் ஓட்டுகிறவரிடம் எப்படி விழாமல் இருக்கிறீர்கள் என்று கேட்டால் சரியான பதில் வராது. ஆனா அவர் விழுவதில்லை. ஜப்பானின் இகுஜிரோ நோனாகா 1990-களில் இந்தச் சொல்லாத அறிவை நிறுவனங்களுக்குள் கொண்டுவந்தார். ரொட்டி சுடும் இயந்திரம் செய்ய முயன்ற ஒரு கம்பெனியின் ஊழியர், ஒசாகாவில் ஒரு ஹோட்டலின் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் போய்ப் பயிற்சி எடுத்து, மாவைப் பிசையும் விதத்தைத் தன் கையால் கற்றுவந்த கதை அவரால்தான் பிரபலமானது.

இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் பல ஆய்வகங்கள் ஒரு புதுவகை லேசரைச் செய்து பார்க்க முயன்றன. ஹாரி காலின்ஸ் என்ற சமூகவியலாளர் அவர்களைப் பின்தொடர்ந்து கவனித்து 1974-ல் எழுதினார். அச்சிட்ட கட்டுரைகளை மட்டும் படித்து அந்த லேசரைச் செய்தவர் ஒருவர்கூட இல்லை. வெற்றி பெற்றவர்கள் எல்லோரும் ஏற்கெனவே செய்தவர்களோடு நேரடித் தொடர்பு வைத்திருந்தவர்கள்.

திருக்குறளில் 'கல்வி' ஒரு அதிகாரம், 'கேள்வி' தனி அதிகாரம். படித்துத் தெரிவதும் ஒருவர் பக்கத்தில் இருந்து கேட்டுத் தெரிவதும் வேறு என்பது நமக்கும் பழைய செய்திதான்.

இதையெல்லாம் படித்தால் 'ஆள்தான் முக்கியம், காகிதம் முக்கியமில்லை' என்ற முடிவுக்கு வரத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அதைக் கலைத்தது ஒரு சோழிக் கதை.

சோழிக் கணக்கு

ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி 1805 முதல் 1811 வரை சென்னை வானாய்வகத்தைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டவர். தென்னிந்தியப் பஞ்சாங்க முறைகளைப் பற்றி 'கால சங்கலிதம்' என்ற பெரிய நூலை 1825-ல் வெளியிட்டார். அந்தச் சமயத்தில் புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் அவருக்குச் சந்திர கிரகணம் கணித்துக் காட்டினார். கையில் தாள் இல்லை, பேனா இல்லை. தரையில் சோழிகளை வைத்து நகர்த்தினார். அட்டவணைகள் எல்லாம் வாக்கியங்களாக அவர் மனப்பாடத்தில் இருந்தன; ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண்.

1825 மே 31 இரவு நடந்த கிரகணத்துக்கு அவர் சொன்ன நேரத்தை, கணித வரலாற்றாசிரியர் ஓட்டோ நாய்கெபாவர் 1952-ல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டுகிறார். தொடக்கத்தில் 4 நிமிடப் பிழை, நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். பல நூற்றாண்டுப் பழமையான முறையை, ஒரு எழுத்துகூடக் கையில் இல்லாமல் வைத்துக்கொண்டு இந்த அளவுக்கு வந்தது பிரமிக்க வைக்கிறது. ஆனா இன்னொரு விவரமும் உண்டு. அந்தக் கணிதருக்குத் தான் செய்யும் கணக்கின் பின்னால் இருக்கிற வானியல் கோட்பாடு தெரியாது என்று வாரன் பதிவு செய்திருக்கிறார்.

இங்கே அறிவு முழுக்க ஆளிடம்தான் இருக்கிறது. குரு சிஷ்யனாக, பக்கத்தில் உட்கார்ந்து, கை வழியாக வந்தது. நோனாகாவுக்குப் பிடிக்க வேண்டிய ஏற்பாடு. ஆனா அது வானத்தைத் திரும்பிப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் வழியை இழந்துவிட்டிருந்தது. 52 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று கேட்க அந்த முறைக்குள் இடமில்லை. கையிலிருந்து கைக்குப் போனால் மட்டும் போதாது, தவறு தெரியும் வழியும் கூடவே போகணும்.

தூணும் நோட்டுப் புத்தகமும்

சென்னை வானாய்வகம் இதற்கு நேர் எதிர். 1786-ல் எழும்பூரில் வில்லியம் பெட்ரியின் சொந்த ஆய்வகமாகத் தொடங்கி, கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போய், 1792-ல் நுங்கம்பாக்கத்தில் புதுக் கட்டடம் கண்டது. கருவியைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் அதில் கல்வெட்டு. ஆயிரம் ஆண்டு கழித்து வருகிறவர்களுக்கும் தெரியணும் என்ற நோக்கத்தில் வெட்டியது. தூண் நிற்கிறது, அதன் மேல் இருந்த கருவியால் எப்படி அளந்தார்கள் என்பதைத் தூண் சொல்லாது.

அங்கே வேலை செய்தவர்களில் நார்மன் போக்சனைப் பார்க்கலாம். விண்மீன்களின் ஒளி அளவுக்கு இன்றும் பயன்படும் 2.512 என்ற விகிதத்தைத் தந்தவர். 1861 முதல் 1891-ல் இறக்கும்வரை சென்னையில் தலைமை வானியலாளர். அயராத உழைப்பாளி. ஆனா அளவைகளை எடுத்துக் குவித்தாரே தவிர, அச்சுக்குக் கொண்டுவருவதில் மிகவும் தாமதம். விண்மீன் அளவைகளின் கடைசித் தொகுதிகளை அவருக்குப் பின் வந்த மிச்சி ஸ்மித்தான் முடித்து வெளியிட்டார். மாறும் விண்மீன்கள் பற்றிய அவரது குறிப்புகள் இங்கிலாந்தில் வேறு ஆட்கள் தொகுத்து அச்சாக 20-ஆம் நூற்றாண்டு வந்துவிட்டது. எழுதியதெல்லாம் இருந்தது. எழுதினவர் மட்டும் இல்லை. மற்றவர்கள் அதைப் பிரித்துப் படிக்க வேண்டியிருந்தது.

அதே ஆய்வகத்தில் முதல் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கக் கணிதர் குடும்பத்தில் பிறந்தவர். ஆர் ரெட்டிகுலி என்ற மாறும் விண்மீனை 1867-ல் கண்டுபிடித்தவர். இவரிடம்தான் ரெண்டு உலகமும் சந்தித்தன. தொலைநோக்கியில் பார்த்த கணக்கை வைத்துப் பழைய பஞ்சாங்கத்தைத் திருத்தி, 'திருக்கணித' முறையில் பஞ்சாங்கம் வெளியிட்டார். 1874-ல் சூரியனுக்கு முன்னால் வெள்ளி கடந்து போனதை விளக்க ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் சிறுநூல் வரவைத்தார். சோழிக் கணிதருக்கு இல்லாத திருத்தும் வழி இவருக்கு இருந்தது. போக்சனிடம் குறைந்த ஒன்றும் இருந்தது: தெரிந்ததை அடுத்தவருக்குப் புரியும்படி கைமாற்றும் ஆசை. 1880-ல் அவர் காலமானார். இந்தியர்கள் பயிற்சி பெற ஒரு வானாய்வகம் வேண்டும் என்ற அவர் எண்ணம் அப்போது நிறைவேறவில்லை.

கொடைக்கானல் தகடுகள்

1899-ல் வானாய்வு வேலை கொடைக்கானலுக்கு மாறியது. அங்கே தினமும் சூரியனைக் கண்ணாடித் தகடுகளில் படம் எடுத்தார்கள். 1904-ல் தொடங்கி நூறாண்டுக்கு மேல். உலகத்தில் இத்தனை நீளமான வரிசை மிகச் சில இடங்களில்தான் உண்டு. இப்போது அவற்றை மின்னாக்கம் செய்து சூரியனின் பழைய நடத்தையை ஆராய்கிறார்கள்.

கிடங்குக் கொள்கையின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் தெரிவது இங்கேதான். தகடுகளை யாராவது 'பழைய கண்ணாடி' என்று தூக்கிப் போட்டிருந்தால் நூறு வருஷச் சூரியன் போயிருக்கும். ஆகவே சேமிப்பு வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனா ஒரு தகட்டில் கருப்பு எவ்வளவு அடர்த்தியோ அதற்கு ஈடான ஒளி எவ்வளவு என்று தெரிய, அளவுகோல் போல ஒரு படிக்கட்டு அடையாளம் தகட்டிலேயே வேண்டும். பழைய தகடுகள் பலவற்றில் அது இல்லை. அன்றைக்கு எடுத்தவருக்கு அது தேவைப்படவில்லை; அவர் பார்த்தது வடிவத்தை, அளவை அல்ல. இப்போது கணினியில் அதை ஊகித்து ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. கூடவே இருந்த கையெழுத்துப் பதிவேடுகள், அதாவது எந்த நேரம், வானம் எப்படி, யார் எடுத்தது என்ற குறிப்புகள், தகட்டுக்குச் சமமான மதிப்பு பெற்றுவிட்டன. சேமிக்கிறவருக்கு எது வெளிப்படையோ அதை அவர் எழுத மாட்டார். பிற்காலத்தவருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் அதுதான்.

காவலூர்

1960-ல் கொடைக்கானலுக்கு இயக்குநராக வந்தார் வைணு பாப்பு. அப்பா ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். பாப்பு தொலைநோக்கிகளுக்கு நடுவிலேயே வளர்ந்தார். ஹார்வர்டில் படித்தார். திரும்பி வந்து நைனிடால் ஆய்வகத்தை உருவாக்கியவர்களில் முதல்வர். கொடைக்கானல் சூரியனுக்கு நல்ல இடம், ஆனா இரவு வானத்துக்கு மேகம் அதிகம். பல இடங்களைச் சோதித்து ஜவ்வாது மலையைத் தேர்ந்தெடுத்தார். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் தென்வானத்தின் பெரும்பகுதி தெரியும். ஊர் வெளிச்சம் எட்டாது.

இங்கே அவர் வேலையை அடுக்கிய வரிசையைக் கவனிக்கணும். முதலில் 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கி, நிறுவனத்துக்குள்ளேயே செய்தது. 1972-ல் ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸிடம் வாங்கிய 102 செ.மீ. தொலைநோக்கி. வந்த வருஷமே வியாழனின் துணைக்கோள் கானிமீடு ஒரு விண்மீனை மறைத்ததை அதில் பார்த்தார்கள். 1977 மார்ச் 10-ல் யுரேனஸின் வளையங்கள் கண்டுபிடிக்கப்பட்டபோது காவலூரும் அந்த நிகழ்வைப் பதிவு செய்த இடங்களில் ஒன்று. இதற்கிடையே 1971-ல் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் தன்னாட்சி அமைப்பானது. 75 செ.மீ. தொலைநோக்கி ஒன்றையும் உள்ளேயே செய்தார்கள். அப்புறம்தான் 234 செ.மீ. சின்னதைச் செய்து பார்த்த கைகள்தான் பெரியதைத் தொட்டன.

கண்ணாடியைத் தேய்ப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் சொன்னால் இது புரியும். முதலில் கரடுமுரடான பொடி, பிறகு மெல்லிய பொடி என்று தேய்த்துக் குழிவாக்குவார்கள். அடுத்து நிலக்கீல் மாதிரியான 'பிச்' பூசிய தட்டை வைத்து மெருகேற்றுவார்கள். பிச் சரியான இளக்கத்தில் இருக்கிறதா என்பதை நகத்தால் அழுத்திப் பார்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. தேய்த்தால் கண்ணாடி சூடாகும், சூட்டில் வடிவம் மாறும். ஆறும்வரை காத்திருந்து சோதிக்கணும். சோதனை 1858-ல் ஃபூக்கோ கண்டுபிடித்த கத்திமுனை முறை: ஒளி குவியும் இடத்தில் ஒரு கூர்முனையை நகர்த்தினால் கண்ணாடி முகத்தில் நிழல் விழும். அந்த நிழலைப் படித்து எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று சொல்லணும். மேடும் பள்ளமும் தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. எவ்வளவு அழுத்தி, எத்தனை முறை, எந்தப் பக்கம் தேய்ப்பது என்பதற்குப் புத்தகம் ஓரளவுக்குத்தான் வழிகாட்டும்.

ஏ. பி. ஜெயராஜன் தலைமையில் ஒரு குழு பெங்களூரு ஒளியியல் கூடத்தில் இந்த வேலையைச் செய்தது. தொலைநோக்கியைத் தாங்கும் இரும்புக் கட்டமைப்பு மகாராஷ்டிரத்தின் வால்சந்த்நகர் தொழிற்சாலையில் உருவானது. பாப்பு இறந்தபின் ஜே. சி. பட்டாச்சார்யா நிறுவனத்தின் பொறுப்பை ஏற்று முடித்தார். முடிந்ததற்குக் காரணம் நல்ல கோப்புகள் மட்டும் இல்லை, பாப்புவின் மேதைமை மட்டும் இல்லை. வரைபடம் இருந்தது, கை இருந்தது, கை செய்த தவறை உடனே காட்டும் கத்திமுனை இருந்தது. மூன்றும் ஒரே கூரையின் கீழ், வருஷக்கணக்கில். சோழிக் கணிதரிடம் முதலாவதும் மூன்றாவதும் இல்லை. போக்சனிடம் ரெண்டாவது அவரோடு போய்விட்டது.

1988-ல் ஆர். ராஜமோகன் காவலூரிலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். 4130 என்ற எண்ணும் ராமானுஜன் என்ற பெயரும் அதற்கு. சென்னையில் போக்சன் கண்ட சிறுகோள்களுக்குப் பிறகு நூறாண்டு இடைவெளி.

அதற்குப் பிறகு

கட்டுரையை இங்கேயே முடித்தால் வெற்றிக் கதை. ஆனா அடுத்த வரிசையையும் பார்க்கணும். லடாக்கில் ஹான்லேவில் 2000-ல் முதல் ஒளி கண்ட 2 மீட்டர் தொலைநோக்கி அமெரிக்காவில் செய்தது. புனே அருகே கிராவலியில் நிறுவிய 2 மீட்டர் இங்கிலாந்தில் செய்தது. 2016-ல் தேவஸ்தலில் திறந்த 3.6 மீட்டர் பெல்ஜியத்தில் செய்தது; கண்ணாடியை மெருகேற்றியது ரஷ்யாவில். காவலூரிலேயே 2014-ல் வந்த 1.3 மீட்டர் தொலைநோக்கிக்கு, பாப்புவின் வேலையை முடித்த பட்டாச்சார்யாவின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். அதுவும் அமெரிக்காவில் செய்து வாங்கியது.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. சீக்கிரம் வேண்டும், உறுதியான தரம் வேண்டும் என்றால் வாங்குவது நியாயமான முடிவு. ஒளியியல் கூடமும் மூடப்படவில்லை. சிறிய கண்ணாடிகளும் கருவிகளும் அங்கே உருவாகிக்கொண்டுதான் இருந்தன. ஹோஸ்கோட்டேயில் 30 மீட்டர் தொலைநோக்கித் திட்டத்துக்கான கண்ணாடித் துண்டுகளை மெருகேற்றும் கூடமும் இப்போது இருக்கிறது. ஆனாலும் அளவில் 234 செ.மீ.க்கு அடுத்த படி என்று ஒன்று இங்கே உள்ளேயே செய்யப்படவில்லை. 38, 75, 234 என்று ஏறிவந்த படிக்கட்டு அங்கேயே நின்றது. 1980-களில் கண்ணாடியின் நிழலைப் படிக்கத் தெரிந்த முப்பது வயதுக்காரர் இன்று ஓய்வு பெற்றுப் பல ஆண்டு ஆகியிருக்கும். அந்தத் திட்டத்தின் அறிக்கைகளை எடுத்து இன்றும் படிக்கலாம். அந்த விரல் நகத்தின் கணிப்பை எங்கே போய்ப் படிப்பது?

ஜவ்வாது மலையின் மலையாளி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமை விளைவிக்கிறவர்கள். எந்த விவசாயியும் அறிந்த ஒரு விஷயம்: விதையைக் குதிரில் போட்டு எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வைத்திருக்க முடியாது. முளைப்புத் திறன் போய்விடும். அவ்வப்போது விதைத்து, புது விதை எடுத்தால்தான் அந்த ரகம் உயிரோடு இருக்கும். குளிரூட்டிய நவீன விதை வங்கிகளிலும் இதேதான். அங்கே இடைவெளி கொஞ்சம் நீளம், அவ்வளவே. விதை ஒரு பதிவு. ஆனா விதைத்தால் மட்டும் நிற்கிற பதிவு.

நிறுவனங்களின் அறிவும் அப்படித்தான் என்பது இந்தக் குறிப்புகளை எழுதி முடிக்கும்போது எனக்குக் கிடைத்த பதில். 'எல்லாத்தையும் எழுதி வைச்சிட்டோம்' என்று ஒரு நிறுவனம் சொன்னால், கடைசியாக அதை வைத்து யார், எப்போது செய்தார்கள் என்று கேட்கலாம். அதை ஒரு புது ஆள் ஒரு பழைய ஆளின் பக்கத்தில் நின்று செய்தாரா என்றும் கேட்கலாம். வாங்குவது மலிவு என்று முடிவெடுக்கும் கணக்கில், செய்யாமல் விட்டதால் போகிற கைப்பழக்கத்துக்கும் ஒரு வரி ஒதுக்கணும். அந்த வரி பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கிறது, ஏன்னா அதற்குத் தொகை போட யாருக்கும் தெரியாது.

காவலூர்க் கண்ணாடியின் மேல் இருக்கிற அலுமினியப் பூச்சு நாளடைவில் மங்கும். அவ்வப்போது கண்ணாடியைக் கழற்றி, கழுவி, வெற்றிடக் கலனுக்குள் வைத்துப் புதுப் பூச்சு ஏற்றுகிறார்கள். அந்தக் கலன் மலையிலேயே இருக்கிறது. டன் கணக்கில் எடையுள்ள கண்ணாடியைக் கீறல் விழாமல் இறக்கி ஏற்றுவதை ஒவ்வொரு முறையும் பழையவர்களோடு புதியவர்களும் சேர்ந்து செய்தால், அந்த ஒரு வேலையாவது அங்கே இன்னும் விதைக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.